ஒரு கரண்டி சீனியும் இருபத்திநாலு போத்தலும்

ஆப்பிள் சாறைப் புளிக்க வைச்சுச் சைடர் போடுற தொழிலில ஆப்பிளைப் பிழியிறது சின்ன வேலை. பிழிஞ்சதைப் போத்தலுக்குள்ள அடக்கி வைக்கிறதுதான் பெரிய வேலை எண்டு, என்னைப்போலப் பட்டு அனுபவிச்ச உங்களுக்குத் தெரியும். நான் சுவிஸில, வில் எண்ட ஊரில, ஒரு முதியோர் இல்லச் சமையலறையில வேலை. கூட வேலை செய்யிற றோஸ்மரி தன்ர தோட்டத்து ஆப்பிளை மூட்டை மூட்டையாத் தந்து இந்தப் பைத்தியத்தைத் தொடக்கி விட்டவ.

கெல்லரில வெடி

முதல் பிழை அவசரம். நுரை அடங்கினவுடன புளிச்சு முடிஞ்சுது எண்டு நினைச்சுப் போத்தலில அடைச்சுப்போட்டன். உள்ளுக்கு மிச்சச் சீனி கிடந்தால் ஈஸ்ட் சும்மா இருக்குமோ? ஒரு சனிக்கிழமை மத்தியானம், எங்கட கட்டடத்துக்குக் கீழ சாமான் வைக்கிற கெல்லரில மூண்டு போத்தல் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வெடிச்சுது. பக்கத்து வீட்டுக்காரரின்ர பனிச்சறுக்குச் சப்பாத்துக்குள்ளயும் கண்ணாடித் துண்டு!

கட்டடம் பராமரிக்கிற புரூனோ வந்து பாத்தார். கத்தேல்லை. இந்த ஊர் ஆக்கள் கத்தாமல் கதைச்சால்தான் பயப்பிடவேணும். "இன்னொரு போத்தல் வெடிச்சால், இந்தக் கெல்லரில நீங்கள் தண்ணிப் போத்தலும் வைக்கேலாது."

தராசு

வெக்கமாப் போச்சு. ஆனால் விடுறதோ? வேலையிலயும் வீட்டிலயும் நாள் முழுக்க மற்றவைக்குச் செய்யிறன், எனக்கெண்டு இருக்கிறது இது ஒண்டுதான். சாறில மிதக்க விட்டுச் சீனியைப் பாக்கிற கண்ணாடிக் குழாய் வாங்கினன். மூண்டு நாள் ஒரே இலக்கம் காட்டுமட்டும் போத்தலைத் தொடேல்லை. பிறகு, போத்தலைத் திறக்கேக்க பொங்கிற காஸ் வாறதுக்கெண்டு லீற்றருக்கு ஆறு கிராம் சீனி, தராசில நிறுத்து. கண்ணாடிப் போத்தல்களோட ஒரு பிளாஸ்டிக் போத்தலும் நிரப்புவன். அது அமத்தேக்க கல்லு மாதிரி இருந்தால் காஸ் காணும், எல்லாத்தையும் குளிருக்குக் கொண்டுபோகவேணும்.

றோஸ்மரி பாத்துச் சிரிச்சா. "மருந்து நிறுக்கிற மாதிரியெல்லோ நிறுக்கிறாய், ஆருக்கு வருத்தம்?"

மரியாதைச் சீனி

பத்து நாளில இறுகவேண்டிய பிளாஸ்டிக் போத்தல் மூண்டாம் நாளே இறுகிப்போச்சு. மாதாவே! பக்கத்தில இருபத்திநாலு கண்ணாடிப் போத்தல். நிறுவையில பிழையில்லை எண்டு எனக்கு வடிவாத் தெரியும். போத்தல் நிரப்பின அண்டைக்கு நான் ஃபோன் எடுக்க மேல போனது அப்பதான் ஞாபகம் வந்தது. என்ர மனுசன் மட்டும்தான் கீழ நிண்டவர்.

போய்க் கேட்டன். பேப்பருக்குள்ள முகத்தை ஒளிச்சார். "நத்தாருக்கு வாற ஆக்களுக்குச் சீனி குறைச்சுக் குடுத்தால் என்ன நினைப்பினம்? போத்தலுக்கு ஒரு கரண்டிதான் போட்டனான்."

பல்கனிப் பனி

கோவம் பொத்துக்கொண்டு வந்தது. கோவத்தோட அந்தப் போத்தலைத் தூக்கேலாது. மூச்சை இழுத்து விட்டுட்டு, மகனின்ர பனிச்சறுக்குக் கண்ணாடியும் தடிச்ச கையுறையும் போட்டு, ஒவ்வொண்டையும் துவாயில சுத்தி மேல கொண்டுவந்து பல்கனியில குவிஞ்சு கிடந்த பனிக்குள்ள புதைச்சன். உதவிக்கு வந்த மனுசனை, "தள்ளி நில்லுங்கோ" எண்டு நிப்பாட்டிப்போட்டன். நல்லாக் குளிர்ந்தாப் பிறகு, துவாய்க்குள்ளயே கம்பி மூடியை மெல்லத் தூக்கிக் காஸை விட்டன். இருபத்திநாலும் தப்பிச்சுது.

என்ர கோலத்தை முற்றத்தில நிண்டு பாத்த புரூனோ ஏறி வந்திட்டார். மறைக்கேல்லை, நடந்ததைச் சொன்னன். ஒரு கிளாஸ் வாங்கிக் குடிச்சார். பிறகு என்ர மனுசனை ஒருக்காப் பாத்தார். "கெல்லர் உங்களிட்டயே இருக்கட்டும், சீனியைத்தான் பூட்டி வையுங்கோ."

அளந்து போட்டால் ஈஸ்ட் அடங்கும். அளவில்லாமல் உபசரிக்கிற மனுசனுக்குத்தான் இன்னும் ஒரு மூடியும் பொருந்தேல்லை.