அளக்காமல் வாங்கிய பிஸ்டன்கள்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர், என் அண்ணனிடம் வண்டியை விட்டுவிட்டு “எப்போ ரெடி ஆகும்?” என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். “அளந்து பாத்துட்டுத்தான் சொல்வேன்” என்பதே அவருடைய பதில். அப்படிப்பட்டவர் தம் கடைசி வேலையில் அளக்காமல் ஒரு காரியம் செய்தார்.

அண்ணன் பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் பிறந்தார். அப்பா ஜாதிக்காய்த் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர். அவர் மரத்திலிருந்து விழுந்து இறந்ததும், அண்ணன் மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை நிறுத்திவிட்டு ஜெலுத்தோங்கில் ஒரு கார்ப் பட்டறையில் சேர்ந்தார். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர் அவரே. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். லாரி, மீன்படகு, சபா மாநிலத்தில் செம்பனை எண்ணெய்த் தோட்டம் என்று அலைந்தேன், எங்கும் நிலைத்ததில்லை. கையில் ஒன்றும் இல்லாதபோது அண்ணனுக்கு ஃபோன் செய்வேன். “பஸ் ஏறி வா” என்பார். வேறெதுவும் கேட்கமாட்டார்.

அவருடைய ஒரே ஆசை, பழைய இரும்புக் கடையிலிருந்து மீட்டுவந்த ஓர் அமெரிக்கக் கார். எட்டு சிலிண்டர், அந்தக் காலத்துப் பெரிய இன்ஜின். வீட்டுப் பக்கத்தில் தார்ப்பாய்க்கு அடியில் வருடக்கணக்காகக் கிடந்தது. “என் சக்களத்திக்குத் தனிக் கொட்டாய் வேற” என்பார் அண்ணி.

நுரையீரலில் கட்டி என்று தெரிந்ததும் நான் பினாங்குக்கு வந்துவிட்டேன். காலம் அதிகமில்லை என்று மருத்துவர் சொன்ன அதே வாரம், அண்ணன் அமெரிக்காவிலிருந்து பிஸ்டன்களை வரவழைக்கச் சொல்லிவிட்டார். தேய்ந்த சிலிண்டரை அளந்து, எவ்வளவு கடைந்தால் சீராகும் என்று தெரிந்த பிறகுதான் அதற்கேற்ற பெரிய பிஸ்டன் வாங்க வேண்டும். அவரோ முப்பது ஓவர்சைஸ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் முப்பது பங்கு கூடுதல், என்று மனக்கணக்கில் வாங்கிவிட்டார்.

பிஸ்டன் பெட்டியையும் இன்ஜின் பிளாக்கையும், சிலிண்டர் கடைந்து தரும் காதர் பாயிடம் கொண்டுபோனோம்.

“என்னாண்ணே இது? தாலிய வாங்கிட்டுப் பொண்ணு தேடுறீங்க? வேற எவனாச்சும் செஞ்சா காதத் திருகிருப்பீங்களே லா!”

“எனக்கு டைம் இல்ல பாய். கேஜை எடுங்க.”

நாற்காலியில் உட்கார்ந்தபடியே அண்ணன் அளந்தார். ஒவ்வொரு சிலிண்டரிலும் மேலே, நடுவில், அடியில். நீளவாக்கில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை. மேல்பகுதி வழக்கம்போல் அதிகம் தேய்ந்திருந்தது. ஆனாலும் எல்லாம் முப்பதுக்குள் அடங்கின. ஏழாவதில் மட்டும் தண்ணீர் நின்று, துரு புள்ளி புள்ளியாக அரித்திருந்தது. அந்தக் குழிகளின் ஆழம் கேஜுக்குத் தெரியாது, கடைந்தால்தான் தெரியும். முப்பதில் போகவில்லையென்றால் வேறு பிஸ்டன் வரவேண்டும். அதுவரை அண்ணன் இருப்பாரா என்பதுதான் எங்கள் கவலை.

“நல்லதுலேர்ந்து ஆரம்பிக்கவா?” என்றார் பாய்.

“ஏழாவத மொத போடுங்க. கெட்டது முன்னாடியே தெரியட்டும்.”

மெஷின் இறங்கி ஏறியது. டார்ச் அடித்துப் பார்த்தோம். சுவர் பளபளத்தது; ஆனால் நடுவே ஒரு கறுப்புப் புள்ளி மிச்சம். பாய் என் முகத்தைப் பார்த்தார். கடைசியாக மெருகேற்றும் ஹோனிங் கல்லால் தேய்த்து எடுப்பதற்கென்று விட்டுவைத்த முடியளவு இரும்புதான் பாக்கி. அதையும் தேய்த்தார். அண்ணன் எழுந்து, கையை உள்ளே விட்டுத் தடவினார். நகத்தால் கீறினார்.

“போயிருச்சு பாய்.”

“அப்ப பொண்ணு செட் ஆயிருச்சு” என்றார் பாய். அண்ணன் இருமி இருமிச் சிரித்தார். அன்று வீட்டுக்கு வந்து இரண்டாம் முறை சோறு கேட்டார். அண்ணி அடுப்படியில் நின்று அழுததை நான் பார்த்தேன். அது துக்கத்தில் அழுததில்லை.

அவர் சொல்லச் சொல்ல நான் பூட்டினேன். இன்ஜின் உறுமியபோது அண்ணன் கண்களை மூடிக் கேட்டார். பிறகு என்னிடம், “புது இன்ஜின். வெரட்டாத. பொறுமையா ஓட்டிப் பழக்கு. பாதியில விட்டுட்டு ஓடிராதடா” என்றார். சில வாரங்கள் கழித்து, ஒரு விடியற்காலையில், தம் கட்டிலில் தூக்கத்திலேயே பிரிந்தார். வலி அவரை அதிகம் வாட்டவில்லை.

கருமக்கிரியை முடிந்ததும் வண்டியை எடுத்தேன். அண்ணியும் ஏறிக்கொண்டார். பாயான் லெப்பாஸ், பாலிக் புலாவ் வழியாகத் தீவைச் சுற்றினோம். பல மாதங்கள் அதே பாதை, அதே நிதானம். தொழிற்சாலை பஸ்கள்கூட எங்களை முந்திச் சென்றன. எங்கெங்கோ அலைந்தவன் நான். புறப்பட்ட வாசலுக்கே திரும்பி வந்த பயணங்கள் எனக்கு இவைதாம்.

இரவு பகல் பாராமல் வீட்டுக்கு வந்து ஊசி போட்ட தாதியருக்கும், தம் வேலைகளை ஒதுக்கிவிட்டு எங்கள் பிளாக்கைக் கடைந்து தந்த காதர் பாய்க்கும், சோறு கொண்டுவந்த அண்டைவீட்டாருக்கும், தோள் கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

போன வாரம் எண்ணெய் மாற்றிவிட்டு விமான நிலையச் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்:

“பழகிருச்சு தம்பி. இப்ப மிதிக்கலாம் லா.”

மிதித்தேன். ஏழாவது சிலிண்டரும் சேர்ந்தே பாடியது. ஆண்டுத் திவசத்துக்கு வருகிறவர்களுக்காக வண்டி வாசலில் நிற்கும், சாப்பிட்டுவிட்டு ஏறிக்கொள்ளுங்கள்.