மதினி கொடுத்த சீமைக் கிலுகிலுப்பை

அன்போடு ஒருவர் குழந்தையின் கையில் கொடுத்த பொருளை, கொடுத்தவர் முகம் வாடாமல் எப்படித் திரும்ப வாங்குவது? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

என் மகள் முதன்முதலாக வாசல்படியைத் தவழ்ந்து தாண்டிய சமயம், ஆனித் திருவிழாவுக்காக என் கணவரின் அக்காள் திருநெல்வேலிக்கு வந்திருந்தார். அவரை நான் மதினி என்பேன். படி தாண்டிய பிள்ளைக்கு அத்தைக்காரி விளையாட்டுச் சாமான் கொடுப்பார். தாய் கொழுக்கட்டை அவித்துத் தெருவுக்குக் கொடுப்பாள். கணவர் வீட்டில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. அத்தை கொடுத்ததைப் பிள்ளை தூங்கும்வரை யாரும் வாங்கக்கூடாது. வாங்கினால் பெண் கொடுத்து எடுத்த உறவு அறுந்துபோகுமாம்.

மதினி தேரடிக் கடையிலிருந்து ஒரு தகரக் கிலுகிலுப்பை வாங்கி வந்தார். தூத்துக்குடியில் கப்பலிலிருந்து இறங்கிய சீமைச் சாமான், நல்ல சிவப்பு. கையில் கொடுத்ததுமே குழந்தை அதை வாயில் வைத்துச் சப்பியது. கொஞ்ச நேரத்தில் உதடெல்லாம் சிவந்துவிட்டது.

"பாத்தியாட்டி, வெத்தல போட்ட மாப்பிள கணக்கா இருக்கா ஒம் மக!" என்று மதினி சிரித்தார்.

முந்தானையால் துடைத்தேன். துணியில் சிவப்பு ஒட்டிக்கொண்டது.

"மதினி, சாயம் போகுதே. வயித்துக்குள்ள போனா என்ன ஆகும்?"

"திருவிழாச் சாமான்னா சாயம் போகத்தான் செய்யும். பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு எதக் கண்டாலும் பயம்!"

அடுக்களையிலிருந்து மாமியாரும் சொன்னார்: "நல்ல நாளும் அதுவுமா பிடுங்காத. தூங்கினப்பெறவு பைய எடுத்துக்கோ."

சில சாயங்களில் பாஷாணம் சேர்வதாகச் சுகாதாரப் பாடத்தில் படித்திருக்கிறேன். அது பச்சைச் சாயமா, சிவப்பா? துணிக்கா, சாமானுக்கா? அந்த வேளையில் நினைவுக்கு வரவில்லை. உறுதியாகத் தெரியாததைச் சொல்லிப் பெரியவர்களை எதிர்ப்பானேன் என்று கொழுக்கட்டை பிடிக்கப் போய்விட்டேன். காது மட்டும் கிலுகிலுப்பைச் சத்தத்திலேயே இருந்தது.

சத்தம் நின்றது. தூங்கிவிட்டாள் என்று எட்டிப் பார்த்தேன். தகரத்தின் மூட்டு வாய் பிளந்து கிடந்தது. உள்ளே இருந்த ஈயக் குண்டுகள் தரையில் உருண்டன. குழந்தை வாயைத் திறந்திருந்தாள், அழுகை வரவில்லை. முகம் கறுத்துக்கொண்டு வந்தது. தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு குண்டு எச்சிலோடு தரையில் விழுந்தது. பிறகுதான் அழுதாள். என் கையிலிருந்து மதினிதான் அவளை வாரி அணைத்துக்கொண்டு கதறினார்.

கணவர் அந்தத் தகரத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் கேட்டாராம்: "என்னவே, சீமையில பிள்ளைகளே இல்லையாக்கும்? அங்கன எல்லாம் இதத்தான் வச்சு வெளயாடுது. ஒம்ம பிள்ள கடிச்சா நான் என்ன செய்ய?" சொல்லிவிட்டு அதே குண்டுகளை உள்ளே போட்டு, ஈயம் உருக்கி மூட்டு வாயை ஒட்டிக் கொடுத்திருக்கிறார். "இனி யானை மிதிச்சாலும் பிரியாது."

பல் முளைக்கும் பிள்ளை கடிக்காமல் என்ன செய்யும்? கடிக்கத்தக்கதல்ல என்று தெரிந்தும் அதன் கைக்கு அடக்கமாக ஏன் செய்கிறார்கள்? எண்ணெயில் கலப்படம் என்றால் தெருவே திரண்டு செட்டியாரைக் கேட்கிறது. பிள்ளையின் வாய்க்குப் போகும் சாமானைப் பற்றிக் கேட்க ஓர் ஆள் இல்லை. மறுநாளும் அந்தக் கடையில் சிவப்புக் கிலுகிலுப்பைகள் வரிசையாகத் தொங்கின. தாய்மார்களே நின்று ஆட்டிப் பார்த்து வாங்கினார்கள்.

அதைவிடப் பெரிய வேதனை வீட்டில். ஒட்டி வந்த கிலுகிலுப்பையை மதினி பட்டுத்துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தியிருக்கிறார். "காது குத்தும்போது அழுவா. அப்பம் இதக் கையில குடுத்தாப் போதும். இப்பம்தான் ஒறப்பா ஒட்டியாச்சே" என்கிறார். அவர் என் மகள்மேல் உயிரையே வைத்திருக்கிறார். எனக்கு அது தெரியும். ஆனால் அந்தத் தகரம் மறுபடி அவள் வாய்க்குப் போக நான் விடமாட்டேன்.

காது குத்து ஆவணியில். சபை நிறைந்திருக்கும்போது மதினி கையை நான் தட்டினால் உறவு போகும். தட்டாவிட்டால் என்ன போகும் என்று ஒருமுறை பார்த்துவிட்டேன். இதைப் படிக்கும் சகோதரிகளில் யாராவது இப்படிப்பட்ட இக்கட்டைக் கடந்திருந்தால், மதினியிடம் என்ன சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும் என்று தயவுசெய்து எழுதுங்கள். ஆவணிக்கு முன் எழுதுங்கள்.