நோலா அக்கா வீட்டுத் தூணும் வெள்ளக் கோடும்

நோலா அக்கா வெள்ளக் கதையை ஆரம்பித்தால் குறுக்கே யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால், "நீ அப்ப இருந்தியா?" என்று ஒரே போடு போடுவாள். இத்தனைக்கும் அவளே அப்போது இல்லை. பிரிஸ்பேனில் எங்கள் ஓடைக்கரைத் தெருவை 1974 வெள்ளம் முழுக்காட்டியபோது அவள் டூவும்பாவில் பள்ளிக்கூடப் பிள்ளை. கல்யாணமாகி இங்கே வந்தது எண்பத்தொன்றில். ஆனால் பேச்சைக் கேட்டால் நேரில் பார்த்த மாதிரியே இருக்கும். 1893 வெள்ளத்தைக்கூட விடமாட்டாள். அப்போது இங்கே வீடே கிடையாது, மாடுதான் மேய்ந்தது. அந்த மாடுகள் மிதந்துபோன அழகைச் சொல்லிவிட்டு உச்சுக் கொட்டுவாள்.

எல்லாவற்றுக்கும் சாட்சி ஒரு தூண். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் உயரமான மரத்தூண்கள் மேல் நிற்பவை. எழுபத்துநாலில் தண்ணீர் நின்ற உயரத்தில் அவள் மாமனார் தூணில் ஒரு வெள்ளைக் கோடு போட்டு வைத்திருந்தார். தொண்ணூறுகளில் அக்காவின் புருஷன் மெர்வ், ஒளி ஊடுருவும் ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி, மட்டம் பிடித்து, அந்தக் கோட்டை வீடு வீடாக இழுத்துக்கொண்டுபோய் எல்லார் சுவரிலும் போட்டுக் கொடுத்தார். அதன்பிறகு தெருவுக்கே அதுதான் சட்டம். ஃப்ரிட்ஜ், கட்டில் எல்லாம் கோட்டுக்கு மேலே. போனால் போகட்டும் என்பதெல்லாம் கீழே. 2011-இல் ஆறு பெருகி ஊரே தத்தளித்தபோது எங்கள் ஓடை துணி துவைக்கும் தொட்டியை நனைத்ததோடு சரி. கோட்டின் மேல் நம்பிக்கை இன்னும் ஏறிவிட்டது.

அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் தனாசிஸ், கிரேக்க நாட்டவர், எண்பதை நெருங்கியவர், மனைவியை இழந்தவர். அவருடையது தாழ்வான வீடு. கோடு அவர் வாசல்படிக்கு ஒரு சாண் கீழே ஓடியது. "உன் படியோட நின்னுடும், தனாசி" என்று நோலா அக்கா எத்தனையோ தடவை அவருக்குத் தைரியம் சொல்லியிருக்கிறாள்.

2022 பிப்ரவரியில் விடாத மழை. மெர்வ் அப்போது உயிரோடு இல்லை. தனாசிஸ் இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து, வாக்கர் என்கிற நடைச்சட்டத்தைப் பிடித்துத் தள்ளாடிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடை கொல்லைக்குள் வந்துவிட்டது. என் வீடு எதிர்ச்சாரியில் மேட்டில் இருக்கிறது. இரண்டு பேரையும் வரச் சொல்லிக் கெஞ்சினேன்.

"கோட்டுக்கு இன்னும் எவ்வளவோ இருக்கு. போய் உன் வேலையப் பாரு" என்றாள் அக்கா.

"நோலா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஜன்னலிலிருந்து கை காட்டினார் அவர்.

எக்கேடு கெட்டும் போங்கள் என்று திட்டிவிட்டு வந்தேன். வாசலைவிட்டு உள்ளே போக மனசு வரவில்லை.

மதியத்துக்குள் தண்ணீர் கோட்டைத் தாண்டியது. அக்கா மாடியிலிருந்து போட்ட கூச்சல் எனக்குக் கேட்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாடிப்படி இறங்கி, மார்பளவு தண்ணீரில் வேலியைப் பிடித்துப் பிடித்து தனாசிஸ் வீட்டுக்குள் போய்விட்டாள். நான் மேல்தெருவுக்கு ஓடினேன். அங்கே காங்கிரீட் வேலை செய்யும் டோங்கா தீவுக்காரன் விலியாமியிடம் மீன்பிடிக்கிற அலுமினியப் படகு இருந்தது. நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் படகை இறக்கிவிட்டான். நானும் ஏறிக்கொண்டேன்.

சமையலறை மேஜைமேல் தனாசிஸ், மடியில் நடைச்சட்டத்தோடு. தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. தொடையளவு தண்ணீரில் நின்று, மேஜை நகர்ந்துவிடாமல் அக்கா இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"என்ன தம்பி இவ்வளவு நேரம்? வழியில தூண்டில் போட்டியா?" என்றார் கிழவர். உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஆமா பெரியவரே. இன்னிக்கு மாட்டுன மீன் நீங்கதான்" என்று அவரைக் குழந்தைபோல் தூக்கினான் விலியாமி.

ஆஸ்பத்திரிக்குப் போனவருக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. பிழைப்பாரா என்று டாக்டர்களே பிடி கொடுத்துப் பேசவில்லை.

தண்ணீர் வடிந்ததும் எங்கிருந்தெல்லாமோ மனிதர்கள் வந்தார்கள். ரப்பர் பூட்ஸ், துடைப்பம், வாளி. பெயர்கூடத் தெரியாது. ஒரு பெண் எங்கள் தெருவின் சேற்றுத்துணிகளைக் காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு போய், துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தாள். கரண்ட் போய் ஃப்ரீசரில் இளகிய கறியையெல்லாம் நடுத்தெருவில் சுட்டு, வந்தவர்களுக்குப் போட்டோம். அவர்கள் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

அந்த வேலைக்கு நடுவில்தான் வெள்ளம் சாய்த்துச் சேற்றில் கிடந்த கோட்டுத் தூணை விலியாமி புரட்டினான். "அக்கா, இத அடியில ரம்பம் போட்டு அறுத்திருக்கே?"

நோலா அக்கா அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குத் தூண் மாற்றியபோது, அப்பா கோடு போட்ட தூணை எறிய மெர்வுக்கு மனசு வரவில்லை. கரையான் தின்ற அடிப்பாகத்தைத் தொடையளவு வெட்டிவிட்டு, மிச்சத்தைத் துணி துவைக்கிற இடத்துச் சுவரோடு சேர்த்து நிறுத்திவிட்டார். கோடும் கூடவே இறங்கிவிட்டது. குழாய் பிடித்து மட்டம் பார்த்தது அதற்கப்புறம். பாசக்கார மனுஷன், யாருக்கும் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. ஆனால் தெரு முழுக்க அத்தனை வருஷமும் பொய் வெள்ளத்தை அளந்துகொண்டு குடியிருந்திருக்கிறோம்.

"தனாசி என் பேச்ச நம்பித்தானே உட்கார்ந்திருந்தான்" என்று அழுதாள். தனியாகப் போகப் பயந்து என்னையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

நல்லவேளை, கிழவர் கண் திறந்திருந்தார். அவள் தூண் கதை முழுவதையும் சொல்லி, "என்னாலதான்யா உனக்கு இந்தக் கதி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

தனாசிஸ் மூக்கிலிருந்த ஆக்ஸிஜன் குழாயை விலக்கினார். "பைத்தியமா உனக்கு? தூணை எவன் நம்பினான்? ஓடை போட்ட சத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு. மக டாக்ஸி அனுப்பறேன்னு போன்ல கத்தினா. நான்தான் வேணாம்னுட்டேன்."

"ஏன்யா?"

"உன் வீட்டு விளக்கு எரிஞ்சுது. நீ ஒத்தையில இருக்கறப்ப நான் எப்படிக் கிளம்பறது?"

அக்கா வாயைப் பிளந்தாள். "அடப்பாவி மனுஷா! என் தங்கச்சி காரோட வந்து வாசல்ல நின்னா. நடக்க முடியாதவன் நீ கிடக்கறியேன்னுதானே அவளத் திருப்பி அனுப்பினேன்!"

கிழவர் சிரிக்க, சிரிப்பு இருமலாக, நர்ஸ் வந்து எங்களை வெளியே துரத்தினாள்.

2025 மார்ச்சில் ஆல்பிரட் புயல் வருகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். இந்தத் தடவை இருவரையும் தரதரவென்று இழுத்துக்கொண்டாவது வரவேண்டும் என்று குடையோடு வெளியே வந்தேன். சாரல்தான், பெருமழை இன்னும் பிடிக்கவில்லை. நோலா அக்கா தோளில் பையோடு அவர் வீட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள். தனாசிஸ் நடைச்சட்டத்தில் பையை மாட்டிக்கொண்டு அவள் வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்.

"எங்க போற?" என்று கத்தினாள்.

"உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான்" என்றார் அவர்.