சீனி தின்னும் கட்டி

அத்தை வீட்டுச் சீனி டப்பா கழுவிக் கவிழ்த்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்த காலை இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. காபியை ஒரு வாய் குடித்துவிட்டு மதினியைப் பார்த்தேன். கசாயம் தோற்றது போங்கள். "எங்கிட்டக் கேக்காத, அம்மாகிட்டக் கேளு. நீதான சொன்னியாம்" என்றாள். மதினி அத்தையின் மகள், என்னைவிட மூத்தவள். அத்தையின் மார்பில் இருக்கும் கட்டி புற்றுநோய்தான் என்று மதுரை டாக்டர் சொல்லி அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை. நான் வெளியூரில் ஓர் ஆய்வகத்தில் அந்த நோய்க்குத்தான் மருந்து தேடிக்கொண்டிருக்கிறேன். புற்றுநோய்ச் செல் மற்ற செல்களைவிட அதிகமாகச் சீனி தின்னும் என்று எப்போதோ போனில் சொல்லியிருந்தேன். அத்தை அதைப் பிடித்துக்கொண்டாள். கட்டியைப் பட்டினி போடுகிறேன் என்று மொத்த வீட்டுக்கும் சீனியை நிறுத்திவிட்டாள். கார் டிரைவர்கூடத் தப்பவில்லை, பாவம்.

மாமா இறந்த பிறகு தாயில்பட்டிப் பக்கம் இருந்த பட்டாசுக் கம்பெனியை அத்தைதான் நடத்தினாள். ஆர்டர், லோடு, ஆள் சம்பளம் எல்லாம் அவள் வாயில்தான். முதலாளியம்மா சொன்னால் மறுபேச்சு கிடையாது. அப்பேர்ப்பட்டவளிடம் போய், "அத்தை, நீங்க சீனிய விட்டாலும் ஒடம்பு சோத்துலருந்து சீனி எடுத்துக்கிடும். கட்டி பட்டினி கிடக்காது, நீங்கதான் கிடப்பீக" என்றேன். முறைத்தாள். "பெறகு என்னதான் செய்றீகத்தா அம்புட்டுப் பேரும் அங்கன?" என்று கேட்டாள்.

சொன்னேன். ஒரே மாதிரித் துண்டுகளைக் கோத்துக் கோத்து நீளமாக்கிய சங்கிலிக்குப் பாலிமர் என்று பெயர். பிளாஸ்டிக் வாளியும் அதுதான். உடம்பு ஏற்றுக்கொள்கிற மாதிரி ஒரு சங்கிலியை நாங்களே செய்து, அதன் நெடுகச் சீனியைத் தொங்கவிடுகிறோம், இடையிடையே மருந்தையும் முடிந்துவைக்கிறோம். பேராசை பிடித்த செல் சீனிதானே என்று வாரி விழுங்கும். விழுங்கியதைப் புளிப்பான ஒரு பைக்குள் போட்டுச் செரிக்கப் பார்க்கும். அந்தப் புளிப்பில் அறுந்துபோகிற முடிச்சாகத்தான் போட்டிருக்கிறோம். முடிச்சு அறுந்தால் மருந்து வெளியே வரும், செல் காலி. பட்டினி போடவில்லை அத்தை, இரை வைக்கிறோம் என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. ரொம்பச் சொல்லிவிட்டோமோ என்று எனக்கு அப்போதே பயம் வந்தது.

பயந்தபடியே ஆயிற்று. டாக்டர் சொன்ன நாளில் ஆபரேஷனுக்கு வரமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டாள். "ஏம் மருமக மருந்து செய்றா. அது வரட்டும்." நான் தலையில் அடித்துக்கொண்டேன். அது இன்னும் செல் வளர்க்கிற கண்ணாடித் தட்டில்தான் இருக்கிறது, எலிக்குக்கூடப் போடவில்லை, மனுஷருக்கு வர எத்தனை வருஷமோ என்று கத்தினேன். அத்தை அசரவில்லை. அவள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. புது ஐட்டம் எதுவானாலும் பின்னால் இருக்கும் பொட்டலில் வைத்து முதல் திரியை அவளேதான் பற்றவைப்பாள், வேலையாட்களை விடமாட்டாள். "எவ வீட்டுப் பிள்ளையோ கை போறதுக்கு எங்கையி போகட்டும். ஒன் மருந்துக்கும் நானே மொத ஆளா இருக்கேன். எடுத்துட்டு வாத்தா." முடியாது என்றேன். ஒரு பயலையும் நம்ப முடியவில்லை என்று எழுந்து உள்ளே போனவள் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். கட்டியோ அதுபாட்டுக்கு வளர்ந்தது. மதினி தினமும் போனில் அழுதாள்.

அடுத்த முறை போனபோது, எங்கள் சங்கிலியை ஊற்றிய இரண்டு தட்டுகளின் படங்களை என் போனில் காட்டினேன், ஒன்றில் புற்றுநோய்ச் செல், மற்றதில் நல்ல செல். உயிருள்ள செல் தட்டின் அடியில் கைகாலைப் பரப்பி ஒட்டிக்கிடக்கும், செத்தது உருண்டு மிதக்கும் என்று முதலில் சொல்லிக்கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தாள். "ரெண்டுலயும் மெதக்குதே. நல்ல செல்லு எது?" இடதுபக்கம் என்றேன். நல்ல செல்லும் சீனி தின்னும்தானே, நாங்கள் தொங்கவிட்ட சீனி அளவுக்கு மீறிப்போய் அதுவும் சேர்ந்து விழுங்கியிருக்கிறது என்றேன். அத்தை கண்ணாடியைக் கழற்றினாள். "அப்ப பெயிலு" என்றாள். ஆமாம் அத்தை, பெயில்தான். "எங்க கம்பெனின்னா இத அன்னைக்கே தண்ணித் தொட்டியில போட்டிருப்பேன். ஆசையக் காட்டிட்ட போ" என்று போனைத் திருப்பித் தந்தாள். பிறகு மதினியைக் கூப்பிட்டு, டாக்டருக்குப் போன் போடச் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், "என்னய மொத ஆளா வைக்க மாட்ட. வெட்டி எடுக்குற கட்டியவாச்சும் வைப்பியா?" என்று கேட்டாள். வைக்கலாம் என்றேன். ஆஸ்பத்திரி முறைப்படி கேட்டது, சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள். கட்டியின் ஒரு துண்டு எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. இப்படி வருகிற துண்டுகள் பெரும்பாலும் வளராது. அத்தையுடையது வளர்ந்தது, அவளைப் போலவே அடமாக. நான்தான் அவற்றுக்குச் சீனி கலந்த திரவத்தை மாற்றி மாற்றி ஊற்றி வளர்த்தேன்.

ஆபரேஷன் முடிந்து, கீமோ முடிந்து, தலைமுடி திரும்ப வளர்ந்து, ஒரு தீபாவளி சீசனையும் பார்த்தாள். பிறகு நுரையீரலில் வந்துவிட்டது. பார்க்கப் போகும்போதெல்லாம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "பாஸா?" இன்னும் இல்லை அத்தை. கடைசி முறையும் அதையேதான் சொன்னேன். இப்போது அவள் இல்லை.

போன மாதம் நடந்ததுதான் இது. சீனியைக் குறைத்து, முடிச்சை மாற்றிச் செய்த சங்கிலியை இரண்டு தட்டிலும் ஊற்றியிருந்தோம். அத்தையின் கட்டிச் செல்கள் உருண்டு மிதந்தன. நல்ல செல்கள் ஒட்டிக்கொண்டு அப்படியே கிடந்தன. தட்டில் நடப்பதெல்லாம் உடம்பில் நடந்துவிடாது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு தட்டையும் மாற்றி மாற்றி நாலு தடவை பார்த்தேன். யாரிடம் சொல்ல? மதினிக்குப் போன் போட்டேன்.

முழுசும் சொல்லவிட்டுப் பிறகு கேட்டாள். "அப்ப இதக் குடுத்திருந்தா அம்மா பொழச்சிருக்குமா?"

"அன்னைக்கு இது இல்ல மதினி."

"தெரியும். சும்மா கேட்டேன்." மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அந்தச் செல்லு இன்னும் மிச்சம் இருக்கா?"

"இருக்கு."

"ஒண்ணு விடாமக் கொன்னுரு."

சரி மதினி என்றேன். பொய்தான். அடுத்த சோதனைக்கு அவை உயிரோடு வேண்டும். மறுநாள் காலை ஆய்வகத்தைத் திறந்ததும் முதல் வேலையாகச் சீனித் திரவத்தை ஊற்றி அவற்றுக்கு இரை வைத்தேன்.