பெஞ்சு வந்த நாள்

சித்ராதேவி ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, மணப்பாறை பக்கத்துத் தொடக்கப் பள்ளிக்குப் பதினோரு வருஷமாகப் போய்வரும் தலைமையாசிரியை. பிள்ளைகள் தரையில் உட்காருவதை அவள் பலரிடமும் சொல்லிச் சொல்லிக் கேட்டதில், கடைசியில் திருச்சி அறக்கட்டளை ஒன்று பெஞ்சுகள் கொண்டுவந்தது.

விருந்தாளிகள் வருகிறார்களென்று மூன்றாம் வகுப்பு ஜோதி யூனிஃபார்முக்குப் பதில் தீபாவளிக் கவுன் போட்டு வந்திருந்தாள்.

"இந்தப் பாப்பா போட்டோவுல வேண்டாம் மேடம். ஏழைப் பிள்ளை மாதிரி தெரியல" என்றார், பெஞ்சுகளோடு போட்டோ எடுக்கப் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டிருந்த அறக்கட்டளைக்காரர்.

பெஞ்சு திரும்பிப் போய்விடுமோ என்று பயந்து, சித்ராதேவியே ஜோதியைக் கைப்பிடித்து வகுப்புக்குள் விட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் ஜோதி வரவில்லை. வீட்டுக்குத் தேடிப் போனபோது, அம்மா ராசாத்தி வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள்: "கிழிஞ்சதைப் போட்டு அனுப்பினாத்தான் சேத்துக்குவீங்களா டீச்சர்?"

அடுத்த வாரம் ராசாத்தி வந்து கேட்ட ஜோதியின் டி.சி.யில் சித்ராதேவி கையெழுத்துப் போட்டாள். விலகும் காரணம் என்ற இடத்தில் 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதினாள்.