கழற்றி வைத்த ஷூ

ஓர்வியேட்டோ, இத்தாலியில் மலைமேல் இருக்கும் பழைய ஊர். அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் பிஸ்கட்டவேயிலிருந்து நாலு நாள் லீவில் வந்திருக்கிறோம், நானும் என் மனைவி கவிதாவும் மட்டும். போன வருஷம் முழுக்க அவளுக்குக் கீமோ. நோய் போய்விட்டது. ஆனால் மருந்தில் இரண்டு பாதமும் மரத்துவிட்டன, வெந்நீர் பட்டால்கூடத் தெரியாது. அதனால் கல் பாவிய இந்தச் சந்துகளில் "பார்த்து, பார்த்து" என்று அவள் உயிரை வாங்கிக்கொண்டே நடக்கிறேன்.

வழியில் ஒரு சின்ன தேவாலயம். கவிதா பழக்கதோஷத்தில் வாசலிலேயே ஷூவைக் கழற்றுகிறாள்.

"இங்க யாரும் கழட்டறதில்ல, போட்டுக்கோ."

"சாமி இருக்கிற எடமுங்க," என்றபடி உள்ளே போய்விடுகிறாள். முணுமுணுத்துக்கொண்டே நானும் கழற்றுகிறேன்.

உள்ளே மெழுகுவர்த்திகளைச் சரிசெய்துகொண்டிருந்த ஓர் இத்தாலிய அம்மா எங்கள் கால்களைப் பார்த்துப் பதறுகிறார். வெளியே ஓடி, நாலு ஷூவையும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வருகிறார்.

"போடுங்க, சின்யோரா! தரை ரொம்பக் குளிர்!" என்கிறார், தட்டுத்தடுமாறிய இங்கிலீஷில்.

"ஆமாங்க, சில்லுன்னு இருக்குது," என்று தமிழிலேயே பதில் சொன்ன கவிதா, சட்டென்று என் கையைப் பிடிக்கிறாள். "ஏனுங்க, எனக்குத் தெரியுதுங்க!"

எனக்குத் தெரிந்த ஒரே இத்தாலி வார்த்தை 'கிராட்சியே', நன்றி. அந்த அம்மாவிடம் அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஷூ எடுத்துவந்ததற்கா இத்தனை நன்றி என்று அவர் முழிக்கிறார்.