யாருடைய அளவுக்கும் செய்யாத இருக்கை

எங்கள் குடும்பப் பதிவில் என் அக்கா எஸ்தரின் கணவர் ரெஜினோல்ட்டின் வாழ்க்கை "தச்சர், ஓப்பநாயக்க" என்ற இரண்டு சொற்களில் முடிந்துவிடுகிறது. பிறப்பு, ஞானஸ்நானம், கலியாணம், மரணம் ஆகியவற்றை எழுதிவைக்கும் பொறுப்பு என்னிடம் இருப்பதால், அவரைப் பற்றி உறவினருக்குள் வழங்கும் ஒரு சம்பவத்தையும் விசாரித்து எழுதிவைப்பது முறை என்று நினைக்கிறேன். அது 1997ஆம் ஆண்டில் நடந்தது. சம்பந்தப்பட்டவர்கள் ஒருவர் சொல்வதை மற்றவர் இன்றுவரை நம்புவதில்லை. எல்லாரும் ஒத்துக்கொண்டதை அப்படியே எழுதியிருக்கிறேன். ஒத்துக்கொள்ளாத இடத்தை அவ்வாறே குறித்திருக்கிறேன்.

அத்தான் யாரையும் நம்பாதவர். ஓப்பநாயக்கவுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவருடைய வேலைக்கொட்டிலுக்கு இரண்டு பூட்டுகள் உண்டு. இரண்டின் சாவிகளும் அவர் இடுப்பிலேயே இருக்கும். கொட்டிலின் கம்பி ஜன்னலில் கோணிச்சாக்கைத் தொங்கவிட்டுத்தான் வேலை செய்வார். என்ன செய்கிறார் என்று கேட்டால் "பலகை சீவுறேன்" என்பதற்கு மேல் பதில் வராது. இதற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது. முன்பு அவர் மடித்து வைக்கக்கூடிய ஒரு தொட்டில் சட்டம் செய்திருந்தார். அதைப் போன்ற ஒன்றைப் பெல்மடுல்லவில் ஸஹாப்தீன் முதலாளியின் தளபாடக் கடையில் பார்த்த நாளிலிருந்து, தம்முடைய மாதிரியைத் தோட்டத்து ஆள் யாரோ காட்டிக்கொடுத்துவிட்டதாக நம்பினார். அந்தக் கடையில் அத்தகைய சட்டங்கள் அதற்கு முன்பே விற்பனையில் இருந்தன என்பதை நான் விசாரித்து அறிந்து சொன்னேன்.

"யாரு சொன்னா?"

"முதலாளிதான் சொன்னாரு அத்தான்."

"திருடுனவன்கிட்டயே போயிக் கேட்டுட்டு வந்தியாக்கும்" என்றார். அதன்பின் நான் அதைப் பேசவில்லை.

தச்சரைத் தோட்டத்தில் "பாஸ்" என்பார்கள். அந்த முறையில் அவருக்கு இரண்டு விதமான வேலைகள் இருந்தன. தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகளின் கதவுகளையும் ஜன்னல்களையும் பழுதுபார்ப்பது ஒன்று. யாராவது இறந்தால் சவப்பெட்டி செய்வது மற்றது. அதற்காக ஸ்டோரில் அல்பீசியா மரப் பலகைகள் தனியாக அடுக்கப்பட்டிருக்கும். மரணச் செய்தி வந்ததும், மடித்து விரிக்கும் மஞ்சள் அடிக்கோலை எடுத்துக்கொண்டு அத்தான் அந்த வீட்டுக்குப் போவார். கதவை அளப்பார், ஜன்னலை அளப்பார். ஆளை அளப்பது அந்த ஒரு காரியத்துக்கு மட்டுமே. தோட்டத்தில் இதை அறியாதவர் இல்லை. அத்தான் மட்டும் அதை நினைத்துப் பார்த்ததேயில்லை.

எஸ்தர் அக்கா பிள்ளைக்காம்பராவின் ஆயாவாக இருந்தாள். தாய்மார் கொழுந்து எடுக்க மலைக்குப் போகுமுன் கைக்குழந்தைகளையும் சிறு பிள்ளைகளையும் விட்டுச்செல்லும் இடம் அது. முழங்கால் வீங்கி மலையேற முடியாமல் போன பிறகே அக்காவுக்கு அந்த வேலை கிடைத்தது. அது போனால் மறுபடியும் கூடையைச் சுமந்து மலையேற வேண்டும். அவளால் அது முடியாது.

அந்த ஆண்டில் தோட்ட நிர்வாகம் பிள்ளைக்காம்பராவின் பின்னால் ஒரு கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் அமைத்துக் கொடுத்தது. குழி பெரியவர்களின் அளவில் இருந்தது. குழாய் பிள்ளைகளுக்கு எட்டவில்லை. பிள்ளைகள் வழக்கம்போல் வாய்க்காலோரத்திலேயே உட்கார்ந்தார்கள். சுகாதார நலனைப் பார்க்கும் பெண் அதிகாரி வந்தார். சிங்களவரான அவரை எல்லாரும் நோனா என்றே அழைத்தார்கள். அடுத்த மாதம் தாம் வரும்போதும் பிள்ளைகள் வாய்க்காலுக்குப் போனால் வேறொரு ஆயாவை நியமிக்கும்படி எழுதிவிடுவதாக அவர் அக்காவிடம் சொல்லிச் சென்றார்.

அக்கா அத்தானிடம் முறையிட்டாள். அவர் ஒரு பழைய நாற்காலியின் நடுவில் ஓட்டை வெட்டிக் கொடுத்தார். பிள்ளைகள் அதில் ஏறி உட்கார்ந்து சிரித்துவிட்டு, இறங்கி வாய்க்காலுக்கே ஓடினார்கள்.

"ஒக்காருதுக, ஆனா ஒண்ணும் நடக்க மாட்டேங்குதுங்க" என்றாள் அக்கா.

"ஓட்டை சின்னதா?"

"ஓட்டையில என்னா இருக்கு? காலு அந்தரத்துல தொங்குது. காலு தரையில படாம நீங்க ஒரு நாளைக்கு முக்கிப் பாருங்களேன், தெரியும்!"

மறுநாள் நண்பகலில் அத்தான் மஞ்சள் அடிக்கோலுடன் பிள்ளைக்காம்பராவுக்குப் போனார். ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்தி, முழங்காலிலிருந்து பாதம் வரை அளந்து, ஒரு பலகைத் துண்டில் பென்சிலால் குறித்துக்கொண்டார். அக்கா அப்போது உள்ளே பால்மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள். என்ன அளவு, எதற்கு என்று அவளிடம்கூட அவர் சொல்லவில்லை.

அன்று மாலை, கடைசி லயனில் இருந்த ஜீவராணியிடம் அவளுடைய மகன் தினேஷ் பெருமையாகச் சொன்னான்: "அம்மா, பாஸ் மாமா என்னைய கோலு வச்சு அளந்தாரு."

ஜீவராணியின் மூத்த பெண்குழந்தை அதற்கு முந்திய மழைக்காலத்தில் வயிற்றோட்டத்தில் இறந்திருந்தது. அந்தக் குழந்தையை அதே அடிக்கோலால் அத்தான் அளந்ததை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தாள். மகன் சொன்னதைக் கேட்டு அன்றிரவு முழுவதும் அவனை மடியிலிருந்து இறக்கவில்லை என்று அவளே என்னிடம் சொன்னாள்.

விடிந்ததும் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க நின்ற பெண்களுக்குள் பேச்சு வளர்ந்தது. கருப்பாயி என்ற மூத்த கொழுந்துக்காரி, ஸ்டோரிலிருந்து அத்தான் பலகை தூக்கிப் போனதைத் தான் கண்டதாகச் சொன்னாள்.

"பொட்டிப் பலகதான்டி. சாக்கு வெலகுன நேரம் எட்டிப் பாத்தேன். எல்லாத்தையும் சின்னச் சின்னதா அறுத்து வச்சிருக்காரு."

"சின்னதாவா? யாருக்கு?"

"அளந்தது யார? அதுகளுக்குத்தான்."

"என்னமோ காய்ச்சல் வரப்போறது தொரைக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கும். நம்மகிட்ட சொல்லாம இப்பவே தயார் பண்றாங்க."

"மருந்து குடுக்கச் சொன்னா இல்லம்பாங்க. இதுக்கு மட்டும் முந்திக்குவாங்க!"

அன்று பிள்ளைக்காம்பராவுக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. சில தாய்மார் வேலைக்கே போகவில்லை. வேறு சிலர் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு மலைக்குப் போனார்கள். அக்கா காத்திருந்து பார்த்துவிட்டு, வீங்கிய காலை இழுத்துக்கொண்டு ஜீவராணியின் வீட்டுக்குப் போனாள்.

"ஏன்டி ஜீவா, புள்ளைக்கு மேலுக்கு முடியலையா?"

"என் புள்ளைக்கு ஒண்ணுமில்ல. ஒங்க வீட்டுக்காரரு அவன எதுக்கு அளந்தாரு? மொதல்ல அத சொல்லுங்கக்கா."

அக்காவுக்கு உண்மையாகவே தெரியாது. "எனக்குத் தெரியாதும்மா" என்றாள். அன்று அவள் சொல்லியிருக்கக்கூடிய எல்லாவற்றிலும் அதுவே கெட்ட பதிலாக அமைந்தது. கட்டிய மனைவிக்கும் மறைத்துச் செய்கிறான் என்றால் அது நல்ல காரியமாக இராது என்று லயன் முழுவதும் முடிவுகட்டிவிட்டது.

மாலையில் தொழிற்சங்கத் தலைவர் மூக்கையாவை முன்னால் விட்டுக்கொண்டு பெண்கள் கொட்டிலுக்கு வந்தார்கள். அக்காவும் அவர்களுடன் இருந்தாள். அத்தான் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டார்.

"பாஸ், கதவத் தொறங்க. உள்ள என்னா செய்யிறீங்க?" என்றார் மூக்கையா.

"பலகை சீவுறேன்."

"என்னா பலக?"

"மரப்பலக."

"பாருங்கய்யா, மரத்துல பலக செய்யிறாராம்!" என்றாள் கருப்பாயி. "பாஸு, ஒளிச்சு வச்சுச் செய்யிற நல்ல காரியம் என்னா இருக்கு?"

"ஒங்க மகன் பெல்மடுல்லவுலதான வேலைக்குப் போறான் தலைவரே? எந்தக் கடைக்கு?" என்று உள்ளேயிருந்தே அத்தான் கேட்டார்.

"அவன் பேக்கரிக்குப் போறான்யா! அதுக்கும் இதுக்கும் என்னா?"

"பேக்கரிக்குப் பக்கத்துல யாரு கட இருக்கு?"

பேச்சு இப்படியே போனது. கூட்டத்துக்கு அவர் மீது சந்தேகம். அவருக்குக் கூட்டத்தின் மீது சந்தேகம். கடைசியில் அக்கா ஜன்னலடியில் போய் நின்றாள்.

"இந்தாங்க, நோனா வர்ற நேரம் காம்பராவுல ஒரு புள்ளையும் இல்லைன்னா என்னைய மலைக்கு அனுப்பிருவாங்க. ஒங்க மாதிரிய யாரும் திருடட்டும், திருடாம போகட்டும். இந்தக் கால வச்சுக்கிட்டு நான் எப்புடிங்க ஏறுவேன்?"

பிறகு கம்பியில் தொங்கிய சாக்கு உள்ளேயிருந்து இறங்கியது. தாழ் விலகியது.

உள்ளே இருந்தவை பெட்டிகள்தாம். ஆனால் ஒவ்வொன்றின் மேற்பலகையிலும் வட்டமாக ஓட்டை. அதன் கீழே பின்பக்கமாக இழுத்து எடுக்கும்படி ஒரு எனாமல் பேசன். இரு பக்கமும் பிள்ளை பிடித்துக்கொள்ள உருளைக் கைப்பிடி. ஓட்டையின் மீது மூடியைக் கவிழ்த்தால் உடை மாற்ற உட்கார வைக்கும் பலகையாகும். பேசனை எடுத்துவிட்டுப் பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்தால் குழாயை எட்டும் படியாகும். பக்கச் சுவரில் சவர்க்காரம் வைக்க ஒரு குழிவும் இருந்தது. குளியலறைக்குத் தேவையான நான்கு சாமான்களை அவர் ஒரே சாமானாக ஆக்கியிருந்தார்.

கருப்பாயி ஒரு பேசனை உருவிவிட்டு, ஓட்டைக்குள் கையை விட்டு, பின்பக்கமாக நீட்டி ஆட்டிக் காட்டினாள். "அடப்பாவி மனுசா! பீப்பொட்டிக்கா இந்தப் பூட்டு பூட்டுன?"

பெண்கள் சிரித்தார்கள். மூக்கையாவும் சிரித்தார். ஜீவராணி சிரிக்கவில்லை.

"எதுக்கு செஞ்சா என்னா? உசிரோட இருக்குற புள்ளைய அந்தக் கோலால அளந்துட்டாரு. அளந்தது அளந்ததுதான். அந்த அளவுக்குச் செஞ்ச பொட்டியில என் புள்ளைய நான் ஒக்கார வைக்க மாட்டேன்."

சிரிப்பு அடங்கியது. மற்றத் தாய்மாரின் முகங்களும் மாறின. ஏனென்றால் அத்தான் உண்மையிலேயே ஒவ்வொரு பிள்ளையின் அளவுக்கும் ஏற்ப உயரத்தை அறுத்து, உட்புறத்தில் அந்தந்தப் பிள்ளையின் பெயரையும் எழுதிவைத்திருந்தார். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆயினும் பெயர் எழுதிய சிறு பெட்டிகளாக அவை அந்தப் பெண்களின் கண்களுக்கு எப்படித் தோன்றியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

"கோலால அளக்கக் கூடாதுன்னா வேற எதால அளக்குறது?" என்று அத்தான் கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை என்று அக்கா சொல்கிறாள். மூக்கையா இருந்தது என்கிறார்.

"அரைஞாண் கட்டும்போது தாயிதான் நூலு வச்சு அளப்பா. அதுக்கு தோஷம் கெடையாது" என்றாள் கருப்பாயி.

"நூலும் வேணாம்" என்றாள் ஜீவராணி. "எந்த அளவும் வேணாம். அவன் அளவுல ஒரு பொட்டி இந்தத் தோட்டத்துல இருக்கக் கூடாது."

"யாரு அளவும் இல்லாம செஞ்சா?"

"அப்புடி எப்புடி செய்வீங்க?"

பக்கப் பலகைகளை முன்பக்கமாக நீட்டி, அவற்றின் உட்புறத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகக் காடி வெட்டி, அதாவது பலகை நுழையும் பள்ளங்களைக் குடைந்து, அதில் ஒரு மிதிபலகையைச் செருகினால், எந்தப் பிள்ளைக்கும் வேண்டிய உயரத்தில் பாதத்தைத் தாங்கும். பிள்ளைக்கு ஒன்று என்று எத்தனை செய்தாலும் இருக்கை ஒரே அளவு. அது யாருடைய அளவும் அன்று. இந்த யோசனை தம்முடையது என்று மூக்கையா சொல்கிறார். அத்தானுடையது என்று அக்கா சொல்கிறாள். அத்தானைக் கேட்டபோது, "தலைவரு அப்புடிச் சொல்லிக்கிட்டுத் திரியிறாரா? எங்க எங்க சொல்றாரு?" என்று என்னைத்தான் திருப்பிக் கேட்டார். இதை நான் முடிவுசெய்யாமல் விடுகிறேன்.

பெயர் எழுதிய பெட்டிகளைப் பெண்களின் முன்னிலையிலேயே அவர் பிரித்தார். எழுத்துகளைச் சீவுளியால் சீவி எடுத்தார். விழுந்த சுருள்களைக் கருப்பாயி கூட்டி அடுப்பில் போட்டாள். அதன்பின் அவர் வேலை செய்த நாட்களில் கொட்டிலின் கதவு திறந்தே இருக்க வேண்டும் என்பது பெண்கள் விதித்த நிபந்தனை. மலையிலிருந்து இறங்கும்போது யாராவது ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவாள். அத்தானும் அவள் எதைப் பார்க்கிறாள் என்று பார்த்துக்கொண்டே இழைப்பார்.

நோனா வந்த காலையில் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பிள்ளைக்காம்பராவுக்குத் திரும்பியிருந்தார்கள். ஆனால் புதிய இருக்கைகளில் எவரும் இன்னும் உட்காரவில்லை. தாய்மார் ஜீவராணியை எதிர்பார்த்திருந்தார்கள். அவள் பிள்ளை உட்கார்ந்தால் தங்கள் பிள்ளைகளும் உட்காரலாம் என்று சொல்லிவிட்டிருந்தார்கள். நோனா ஓர் இருக்கையைச் சுற்றி வந்து, "மேக மொகத்த, பாஸ் உன்னஹே?" என்று கேட்டார். இது என்ன என்ற அந்தக் கேள்விக்கு அத்தான் சரளமாகச் சிங்களத்தில் பதில் சொன்னார். பேசனை எப்படி வெளியே எடுப்பது என்பதை மட்டும் சொல்லவில்லை. நோனாவுக்கும் சந்தேகம் இருந்தது. பிள்ளைகள் இதில் உட்காருகிறார்களா, அல்லது தமக்குக் காட்டுவதற்காக வைத்திருக்கிறீர்களா என்று அக்காவைக் கேட்டார். அக்காவால் பொய் சொல்ல முடியவில்லை.

அப்போது ஜீவராணி தினேஷை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். கொழுந்துக் கூடை அவள் முதுகிலேயே இருந்தது. நோனாவுக்கு வணக்கம் சொல்லவில்லை, அத்தானையும் பார்க்கவில்லை. குனிந்து ஓர் இருக்கையின் மிதிபலகையை உருவினாள். ஒரு காடியில் செருகிப் பார்த்து, பிள்ளையின் காலைத் தொங்கவிட்டுப் பார்த்து, மறுபடி உருவி அடுத்த காடியில் செருகினாள். பலகையைக் கையால் அழுத்திச் சோதித்தாள். பின்புதான் அவனை உட்கார வைத்தாள்.

தினேஷ் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் பார்த்தான். "எல்லாரும் அங்கிட்டு திரும்புங்க" என்றான்.

அக்கா திரும்பினாள். வாசலில் நின்ற பெண்கள் திரும்பினார்கள். என்ன சொன்னான் என்று கேட்டறிந்த நோனாவும் சிரித்துக்கொண்டே திரும்பினார். ஜீவராணி மட்டும் திரும்பவில்லை. சிறிது நேரத்தில் எனாமல் பேசனில் சத்தம் கேட்டது.

"ஹரி" என்றார் நோனா, சரி என்ற பொருளில். ஆயாவை மாற்றுவதைப் பற்றி அவர் அதன்பின் பேசவில்லை. எஸ்தர் அக்கா 2006ஆம் ஆண்டுவரை அந்த வேலையில் இருந்தாள்.

நோனா போன பிறகு, ஜீவராணி பிள்ளையைக் கழுவித் துடைத்து அக்காவின் கையில் கொடுத்தாள்.

"அக்கா, அவனுக்குப் பலகைய நான் வந்துதான் செருகுவேன். நீங்களும் செருகக் கூடாது, ஒங்க வீட்டுக்காரரும் தொடக் கூடாது."

"சரிம்மா. காலையில பெரட்டுக்குப் போறதுக்கு முந்தி வந்துரு."

அவள் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போகுமுன் தினமும் வந்தாள். முந்திய நாள் தான் செருகிய காடியிலேயே பலகை இருக்கிறதா என்று குனிந்து பார்த்த பின்னரே பிள்ளையை விட்டுச்சென்றாள். தினேஷ் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கும்வரை அது நிற்கவில்லை. இடையில் அவன் வளர்ந்தபோது, பலகையை ஒரு காடி கீழே இறக்கியவளும் அவள்தான்.